வலதுக்கு வந்த இடது

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் இரண்டு பிரேக்குகள் உண்டு. ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு, மற்றொன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டருக்கு. இருபத்திரண்டு வருடங்களாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே அவர் பிழைத்து வந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டப் பழகியவர்கள். மாஸ்டர் என்றால் அவர்தான். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதுகூட, யாராவது சற்று வேகமாகப் பேசினால் அவருடைய கால் தரையை அழுத்தும். மனைவி பார்த்துவிட்டுச் சொல்வாள்: “நான் எங்கேயும் போய் இடிக்கலைங்க. காலை எடுங்க.”

அவள் ஒரு பெரிய துணிக்கடையின் மேல்மாடியில் வேலை பார்த்தாள். வாங்கிய உடை உடம்புக்குச் சரியாக இல்லை என்று வருகிறவர்களுக்கு அளவு எடுத்து, பிடித்து, இறக்கிக் கொடுக்கும் வேலை. கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இடுப்பு எவ்வளவு, தோள் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குப் போன வருடக் கடைசியில் வலது மார்பில் ஒரு கட்டி வந்தது. மார்பையே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்ள ஆஸ்பத்திரி. மாஸ்டர் அந்த நாட்களில் வகுப்பு எடுக்க மாட்டார். அவளைக் கூட்டிப்போய், கூட்டிவந்து, வாந்தி எடுக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மறுநாள் காலை ஆறரைக்குக் காரில் ஏறுவார். புதிதாகப் பழகும் ஒருவர் கிளட்சை வெடுக்கென்று விட, கார் ஒரு குதி குதித்து நின்றுபோகும். “பரவாயில்லை, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க” என்பார். அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார்.

மருந்து ஏற்றுவது முடியும் கட்டத்துக்கு வந்தபோது, கடையிலிருந்து தகவல் வந்தது. அடுத்த மாத முதல் வாரம் வேலைக்கு வந்துவிட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அதுவரை சட்டைக்குள் வைத்துக்கொள்ள, பழைய துணியில் பஞ்சு அடைத்து அவளே ஒன்று தைத்து வைத்திருந்தாள். பஞ்சுக்குக் கனம் கிடையாது. கையைத் தூக்கினால் கழுத்துப் பக்கம் ஏறிவிடும். நாள் முழுக்கக் கையைத் தூக்கி அளவெடுக்கிற வேலைக்கு அது உதவாது. ஆஸ்பத்திரி நர்ஸ்தான் சிலிக்கானில் செய்தது கிடைக்கும் என்று சொன்னாள். அதற்கு உண்மையான கனம் இருக்கும், தோள் ஒரு பக்கமாகச் சாயாது, ஆனால் இடதுக்கும் வலதுக்கும் வடிவம் வேறு, பார்த்து வாங்குங்கள் என்றாள்.

மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். அவள்தான் ஆன்லைனில் தேடிப் பிடித்தாள். அம்மா டேப்பை எடுத்துத் தன்னையே அளந்து, தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பினாள். மகள் ஆர்டர் போட்டாள். ஐந்தாம் நாள் வெள்ளைப் பெட்டி ஒன்று வந்தது.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாஸ்டர் வெளியே செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“இது இடது பக்கத்துக்குங்க” என்றாள்.

“நல்லாப் பார்த்தியா?”

“முப்பது வருஷமா இடமும் வலமும் பார்த்துத்தானே தைக்கிறேன்.”

“திருப்பி வச்சுக்க முடியாதா?”

கேட்ட பிறகுதான் கேட்டது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவருக்கே உறைத்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “இடது கால் செருப்பை வலது கால்ல போட்டுட்டு நடந்து பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

மகளுக்குப் போன் போட்டார்கள். அவள் அந்தப் பக்கம் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே பேசினாள். “நான் வலதுன்னுதான்ப்பா போட்டிருக்கேன். பெட்டி மேலயும் வலதுன்னுதான் இருக்கா? அப்ப உள்ள மாத்தி வச்சிருக்காங்க. கவலைப்படாதீங்க, ரிட்டர்ன் போட்டாச்சு. லேபிள் மெயில்ல வரும். காசெல்லாம் கட்ட வேண்டாம், அவங்களே கட்டிட்டாங்க. பிரிண்ட் எடுத்து, பெட்டி மேல ஒட்டி, கொண்டுபோய்க் கொடுத்துட்டா போதும்.”

போதும் என்ற அந்தச் சொல்லைப் பிறகு பல நாட்கள் அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் பிரிண்டர் இல்லை. மறுநாள் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரரும் அவரிடம் பழகியவர்தான், மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கியவர். “வாங்க மாஸ்டர்” என்று மெயிலைத் திறந்து பிரிண்ட் கொடுத்தார். லேபிள் ஒரு பக்கம்தான் இருக்கும் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். இரண்டு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் திருப்பி அனுப்பும் பொருளின் பெயர் கொட்டை எழுத்தில், கீழே அதன் படத்தோடு. மெஷின் அதை அங்குலம் அங்குலமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பாதி வருவதற்குள் மாஸ்டர் கையை நீட்டிப் பிடுங்கப் போனார். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்தார், உடனே தலையைத் திருப்பிக்கொண்டு ஸ்டேப்ளருக்கு ஊசி போட ஆரம்பித்தார். ஊசி ஏற்கெனவே போட்டிருந்தது.

பெட்டியைக் கொண்டு தபால் அலுவலகத்துக்குப் போனார். வரிசையில் நின்று கவுன்டருக்கு வந்தால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் லேபிளைப் பார்த்ததும் பெட்டியை இந்தப் பக்கம் தள்ளினாள்.

“இது எங்க லேபிள் இல்லைங்க. தனியார் கூரியரோடது.”

“எல்லாம் பார்சல்தானேம்மா?”

“பார்சல்தான். எங்க பார்சல் இல்லை.”

அந்தக் கூரியருக்கு ஊரின் அந்தக் கோடியில் ஒரு செல்போன் கடையில்தான் வாங்கும் இடம். மறுநாள் மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்துவிட்டு அங்கே போனார். கடைக்காரப் பெண் பார்கோடின் மேல் மெஷினை வைத்து வைத்து எடுத்தாள். ஒவ்வொரு முறையும் அது வேண்டாத விருந்தாளியைப் பார்த்ததுபோல ஒரு சத்தம் போட்டது.

“சின்னதா பிரிண்ட் ஆயிருக்கு சார். கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு. முழு சைஸ்ல எடுத்துட்டு வாங்க.”

“நம்பரை அடிச்சுக்க முடியாதா?”

“அதுக்கு மெஷின் விடாது சார்.”

அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி. கடைசி மருந்து. அதற்கு மறுநாள் அவளுக்குக் காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி, நான்கு நாட்கள் அங்கேயே. திரும்பி வந்து மாஸ்டர் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, பழைய லேபிளை நகத்தால் சுரண்டி, அது பாதி கிழிந்து பாதி வராமல் நிற்க, அதன் மேலேயே புதியதை ஒட்டிக் கொண்டுபோனால், செல்போன் கடை வாசலில் ஒரு தாள் தொங்கியது. பார்சல் வாங்குவது நிறுத்தப்பட்டது, வேறு இடத்தைக் கம்பெனியின் தளத்தில் பார்த்துக்கொள்ளவும். தளத்தில் போட்டிருந்த அடுத்த இடம் பதினேழு கிலோமீட்டர் தள்ளி. சனிக்கிழமை அவ்வளவு தூரம் போனார். அங்கே இருந்த ஆள் மெஷினை வைத்ததும் இந்தத் தடவை நல்ல சத்தம் வந்தது. மாஸ்டருக்கு உயிர் வந்தது. ஆள் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“நேத்தோட முடிஞ்சுபோச்சு சார். இந்த லேபிளுக்குப் பதினாலு நாள்தான் ஆயுசு.”

மாஸ்டர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே வந்து காரில் உட்கார்ந்தார். இன்ஜினைப் போடாமல் சற்று நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவதே அபூர்வம். யாராவது ஓட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் சரி.

மகள் கம்பெனியோடு பேசினாள். பேசினாள் என்று சொல்ல முடியாது. எழுதிக்கொண்டே இருந்தாள். முதலில் பதில் சொன்னது மெஷின். உங்கள் பிரச்சினை எனக்குப் புரிகிறது என்று ஐந்து முறை சொன்னது, ஐந்து முறையும் புரியவில்லை. பிறகு ஒரு மனிதர் வந்தார், அவர் பாதியில் போய் வேறொருவர் வந்தார், அவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. முடிவில் புது லேபிள் வந்தது. இது தபால் அலுவலகத்துடையது. மாஸ்டருக்கு அதுவே பெரிய வெற்றியாக இருந்தது. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை.

செவ்வாய்க்கிழமை காலை போனார். வரிசையில் அவருக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக அவரிடம் இப்போது பழகிக்கொண்டிருக்கும் ஒரு பாங்க் ஊழியர் நின்றார். அவருக்குப் பின்னால் பழைய மாணவர்கள் இரண்டு பேர். வணக்கம் மாஸ்டர், வணக்கம் மாஸ்டர் என்று வரிசையே ஒரு கல்யாண வீடுபோல ஆயிற்று. கவுன்டர் அம்மாள் லேபிளைப் பார்த்தாள், மெஷினை வைத்தாள், தலையாட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பெட்டியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“கொஞ்சம் திறந்து காட்டுங்க.”

“எதுக்குங்க?”

“ரிட்டர்ன் பார்சல்னா உள்ள இருக்கிறதைப் பார்த்துட்டு எழுதணும். புது விதி. போன வாரம் ஒருத்தர் செங்கல்லை வச்சு அனுப்பிட்டார்.”

“இது செங்கல் இல்லைம்மா.”

“சரி, என்ன பொருள்? வாயாலயாவது சொல்லுங்க.”

மாஸ்டர் வாயைத் திறந்தார். பின்னால் பாங்க் ஊழியர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் யாரோ இருமினார்கள். மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “அப்புறம் வரேன்” என்று சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் கேட்டதற்குக் கவுன்டர் மூடியிருந்தது என்றார். மறுநாளும் மூடியிருந்தது. அதற்கு மறுநாள் கூட்டமாக இருந்தது. பெட்டி காரின் பின் இருக்கையில் ஊர் சுற்றியது. ரிவர்ஸ் எடுக்கப் பழகுகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அது அங்கே உட்கார்ந்திருந்தது. ஒரு பெண்மணி “உள்ள உடையற சாமானா மாஸ்டர்? மெதுவாப் போகவா?” என்று கேட்டாள். “நீங்க ரோட்டைப் பாருங்க” என்றார். அவ்வளவு வெடுக்கென்று அவர் யாரிடமும் பேசியதில்லை. அந்தப் பெண்மணி அன்று முழுவதும் மூன்றாவது கியருக்கே போகவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவர் குளித்துவிட்டு வந்தபோது பெட்டி மேசைமேல் இருந்தது. மனைவி எதிரில் உட்கார்ந்திருந்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்திருந்தாள். முடி அப்போதுதான் நிழல்போல முளைக்க ஆரம்பித்திருந்தது.

“ஆஸ்பத்திரி ஃபைலை எடுக்கக் காருக்குப் போனேன். சீட்டுல இருந்துச்சு. தபால் ஆபீஸ் நாலு நாளாவா மூடியிருக்கு?”

அவர் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

“என்ன சொன்னாங்க?”

“திறந்து காட்டணுமாம்.”

“காட்டியிருக்கலாமே.”

“வரிசையில எல்லாரும் தெரிஞ்சவங்க.”

“இருந்தா?”

அவள் காத்திருந்தாள். பிறகு, குரலை உயர்த்தாமலே கேட்டாள்: “என்னை நினைச்சு வெட்கப்படுறீங்களா?”

“ஐயோ, என்ன பேச்சு இது? உனக்காகத்தான். நாளைக்கு நீ தெருவுல போனா ஆளாளுக்குப் பார்ப்பாங்க. உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு...”

“எனக்கு எது கஷ்டம்னு என்னைக் கேட்டீங்களா?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்கவில்லைதான். இந்த எட்டு மாதங்களில் மாத்திரை சாப்பிட்டாயா, வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்று ஆயிரம் கேட்டிருந்தார். இதைக் கேட்கவில்லை. நாலு மாதமாக அவள் ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போகாமல் இருந்ததை அவளே விரும்பித்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். யாராவது அழைப்புமணி அடித்தால் அவள் வெளியே வருவதற்கு முன் அவரே எழுந்து உள்ளறைக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

“களைச்சுப்போயிட்டேன்மா” என்றார்.

“தெரியுது. எனக்கும்தான்.”

அவள் எழுந்து போய்ச் சாதத்தைச் சுடவைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். தட்டை எடுக்கும்போது அவள் சொன்னாள்: “காலைல நானும் வரேன்.”

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள்தான் அலுவலகம். நல்ல கூட்டம். அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, பஞ்சை வைக்காமலே, தளர்வான சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பெட்டியை அவர் வாங்க வந்தபோது கொடுக்கவில்லை. வரிசை நகர அரைமணி ஆயிற்று. கால் வலித்தது போலும், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். ஒருவர் அவளை முன்னால் போகச் சொன்னார். “இருக்கட்டுங்க, நின்னே வரேன்” என்றாள். அவள் பக்கத்தில் நிற்பதா பின்னால் நிற்பதா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை.

கவுன்டர் அம்மாள் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டாள். மாஸ்டரைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

“உள்ள என்னங்க?”

“செயற்கை மார்பகம்” என்றாள் அவள். அளவு சொல்லும்போது இருக்குமே, அந்தக் குரல். “எனக்கு வலது பக்கம் எடுத்துட்டாங்க. வலது கேட்டோம், இடது அனுப்பிட்டாங்க. அதான் திருப்பி அனுப்புறோம். பாருங்க.” பெட்டியைத் திறந்து காட்டினாள்.

வரிசையில் ஒரு குழந்தை பேனாவைக் கட்டியிருந்த சங்கிலியை ஆட்டிக்கொண்டிருந்தது. கவுன்டர் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதினாள். பிறகு எழுந்து நின்று, பெட்டியைத் தன் பக்கம் எடுத்து, மூடியைத் தானே மூடி, டேப்பைச் சர்ரென்று இழுத்து மூன்று பக்கமும் ஒட்டினாள். அது அவள் வேலை இல்லை. வெளியே மேசையில் டேப் கிடக்கும், அவரவர்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

“அன்னைக்கே சார் காதோட சொல்லியிருந்தா நான் திறக்கச் சொல்லியிருக்க மாட்டேங்க” என்றாள் மெதுவாக.

“அவருக்குச் சொல்ல வராதுங்க” என்றாள் மனைவி. “பழகிக்குவாரு.”

ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். படியில் இறங்கும்போது அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் உட்காரலாம் என்றாள். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கட்டைச்சுவரில் உட்கார்ந்தார்கள். எதிரில் சிக்னல் மாறிக்கொண்டே இருந்தது. அவரிடம் பழகிய யாரோ ஒருவர் போகிறபோக்கில் ஹாரன் அடித்துக் கையாட்டினார். இந்த முறை அவளும் கையாட்டினாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். ஒன்பது நாள் கழித்து அதே பெட்டி வாசலுக்கே திரும்பி வந்தது. மகள் மெயிலைப் படித்துக் காட்டினாள். கிடங்கில் திறந்து பார்த்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கியது வலது, நீங்கள் அனுப்பியிருப்பது இடது, பொருள் ஒத்துப்போகாததால் ஏற்க முடியவில்லை.

“அதைத்தானே நாமளும் சொல்றோம்!” என்றாள் மகள். போனிலேயே அழுதுவிட்டாள்.

அவள் அழுதது மாஸ்டருக்குத் தாங்கவில்லை. ஆனால் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள். “ஒத்துப்போகலையாம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மகள் “அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மகள் விடவில்லை. ரசீதில் கவுன்டர் அம்மாள் தன் கையால் எழுதியிருந்த ஒரு வரி இருந்தது: பொருள் நேரில் பார்க்கப்பட்டது, இடது பக்கத்துக்கானது, பெட்டியில் வலது என்று அச்சாகியுள்ளது. அதைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் யாரோ ஒரு மேலதிகாரி கண்ணைத் திறந்தார். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம், சரியானதை அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. அது வருவதற்குள் மாதம் பிறந்து இரண்டு வாரமாகிவிட்டது. அவள் பஞ்சோடே வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். பஞ்சு நகராமல் இருக்கச் சட்டையின் உள்பக்கம் ஒரு பை தைத்து அதில் செருகிக்கொண்டாள். அளவு கொடுக்க வந்த ஒரு பெண் உற்றுப் பார்த்தபோது, “ஆமாங்க, ஆபரேஷன்தான். கையைத் தூக்குங்க” என்றாளாம்.

வலது வந்தது. அளவு சரியாக இருந்தது. தோள் சாயவில்லை. புழுக்கமான நாட்களில் வியர்க்கிறது, மதியத்துக்கு மேல் கனக்கிறது என்று சில நாள் போட்டுக்கொண்டாள், சில நாள் பஞ்சே போதும் என்று விட்டுவிட்டாள். இடதை ஆஸ்பத்திரி நர்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நர்ஸ் அதை ஒரு அலமாரியில் வைத்தாள். அங்கே அதுபோல இன்னும் நாலைந்து பெட்டிகள் இருந்தன. யாருக்காவது ஆகும் என்றாள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கார் சாவியை அவள் கேட்டாள். லைசென்ஸ் வாங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது, ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. மாஸ்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள், வலது கையை முழுதாகத் திருப்ப முடியாமல் வளைவுகளை இரண்டு தவணையாக எடுத்தாள். இரண்டாவது சிக்னலைத் தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிட்டார். வீடு வந்த பிறகும் அவள் எழுப்பவில்லை. ஜன்னல்களை இறக்கிவிட்டு, அவர் விழிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.